அத்தியாயம் 3: சொல் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு ஆங்கிலச் சொல்லுக்குப் பஞ்சமே கிடையாது. லோடு, லேபிள், பார்சல், குடோன், லைசென்ஸ், ஃபோர்மேன், மிக்சிங், ஃபில்லிங், பேக்கிங், ஆப்செட், லேமினேஷன், டை கட்டிங் என்று காலையில் தொடங்கினால் இரவு ஷட்டர் இறக்கும்வரை இதே சொற்கள்தான். பள்ளிக்கூடப் படி ஏறாத ஆச்சியும் இவற்றைத் தடங்கல் இல்லாமல் சொல்வார். இருந்தும் வடநாட்டு வியாபாரிக்கு ஆங்கிலத்தில் நான்கு வரி மெயில் அனுப்ப வேண்டுமென்றால் கல்லூரி முடித்த பையனே தயங்குகிறான். கையில் சொற்கள் இருக்கின்றன. எது பெயர், எது வினை, எதை எங்கே வைப்பது என்கிற பிடிதான் இல்லை. இந்த அத்தியாயம் அந்தப் பிடிக்காக.

பள்ளியில் எல்லோரும் இதைப் படித்துத்தான் வந்திருக்கிறோம். நவுன், ப்ரோநவுன், அட்ஜெக்டிவ், வெர்ப், அட்வெர்ப், ப்ரிபொசிஷன், கன்ஜங்ஷன், இன்டர்ஜெக்ஷன் என்று எட்டையும் வரிசை பிசகாமல் ஒப்பிப்போம். 'செயலைக் குறிப்பது வெர்ப்' என்பது போன்ற விளக்கங்களும் மனப்பாடம். பரீட்சைக்கு அது போதும். மெயிலுக்குப் போதாது, ஏனென்றால் அந்த விளக்கங்களே ஓட்டை. செயலைக் குறிப்பதெல்லாம் வெர்ப் என்றால் 'எக்ஸ்ப்ளோஷன்' என்ன வகை? வெடிப்பதைவிடப் பெரிய செயல் நம் வட்டாரத்தில் ஏது? ஆனால் அது நவுன். மறுபக்கம் 'இஸ்', 'ஆர்', 'வாஸ்' எல்லாம் எந்தச் செயலையும் சொல்வதில்லை; அவை வெர்ப். பொருளை மட்டும் பார்த்து வகை பிரிக்கப் போனால் இப்படித்தான் முட்டிக்கொள்ளும்.

எட்டு என்ற கணக்கையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அலெக்சாந்திரியாவோடு சேர்த்துப் பேசப்படும் டயோனீசியஸ் திராக்ஸ், கி.மு. இரண்டாம் நூற்றாண்டுக்காரர். அவர் பெயரால் வழங்கும் கிரேக்க இலக்கணம் சொற்களை எட்டாகப் பிரித்தது. அதில் அட்ஜெக்டிவுக்குத் தனி இடம் இல்லை. பெயரோடு பெயராகவே இருந்தது. ஆர்ட்டிகிளுக்கு மட்டும் தனி இடம் கொடுத்திருந்தார்கள். லத்தீனில் ஆர்ட்டிகிளே கிடையாது. எனவே லத்தீன் இலக்கணக்காரர்கள் அதை எடுத்துவிட்டு இன்டர்ஜெக்ஷனை உள்ளே கொண்டுவந்து எட்டு என்ற கணக்கைக் காப்பாற்றினார்கள். ஆங்கிலம் அதைக் கொஞ்சம் மாற்றி எடுத்துக்கொண்டது. 1930களில் வந்து இன்றும் நம் கடைகளில் விற்கும் ரென் அண்ட் மார்ட்டின் வரை அதே வழிதான். இப்போதைய இலக்கண நூல்கள் 'எ', 'த', 'திஸ்', 'மை' போன்றவற்றை டிடெர்மினர் என்று தனியாக வைக்கின்றன. எட்டா ஒன்பதா என்ற சண்டை நமக்கு வேண்டாம்.

நம் தொல்காப்பியம் இதைவிடச் சிக்கனமானது. சொல் என்றால் பெயர், வினை இரண்டுதான். இடையும் உரியும் அவற்றைச் சார்ந்து வருவன என்பது அதன் கணக்கு. ஆங்கிலத்தைப் பிரிக்கவும் இதுதான் நல்ல வழி என்பது என் கட்சி. முதலில் வெர்பைப் பிடியுங்கள். அடுத்து நவுனைப் பிடியுங்கள். மிச்சச் சொற்கள் இந்த இரண்டில் எதை ஒட்டி நிற்கின்றன என்று பாருங்கள். நவுனை ஒட்டி நின்றால் பெரும்பாலும் அட்ஜெக்டிவ், வெர்பை ஒட்டி நின்றால் பெரும்பாலும் அட்வெர்ப்.

ஒரே சொல், நான்கு வேலை

தமிழில் ஒரு சொல்லின் வகை அதன் கடைசியில் தெரிந்துவிடும். 'பற்ற வைப்பான்', 'வெளிச்சத்தை', 'லேசான', 'லேசாக' ஆகிய நான்கையும் வாக்கியத்தில் எங்கே வைத்தாலும் எது வினை, எது பெயர் என்று நமக்குக் குழப்பம் வராது. விகுதியும் உருபும் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் இந்த நான்குக்கும் ஒரே சொல் போதும்: லைட். எழுத்தும் மாறாது, ஒலியும் மாறாது. 'லைட் த ஃபியூஸ்' என்றால் வாக்கியத்தின் தலையில் நின்று கட்டளை இடுகிறது, எனவே வெர்ப். 'த லைட் இஸ் டிம்' என்றால் முன்னால் 'த', பின்னால் 'இஸ்', எனவே நவுன். 'எ லைட் பாக்ஸ்' என்றால் 'எ'வுக்கும் நவுனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அட்ஜெக்டிவ். 'டிராவல் லைட்' என்றால் வெர்புக்குப் பின்னால் வந்து எப்படி என்று சொல்கிறது, அட்வெர்ப். சொல் எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அதுதான் அதன் வகை.

லோடு, லேபிள், பேக், பிரிண்ட், ஆர்டர், ஸ்டாக், ஃபயர், மேட்ச் ஆகிய அத்தனையும் நவுனாகவும் வரும், வெர்பாகவும் வரும். ஆகவே 'லேபிள் என்ன வகை?' என்று ஒற்றைச் சொல்லைக் காட்டி யாராவது கேட்டால், வாக்கியத்தைக் காட்டுங்கள் என்று திருப்பிக் கேளுங்கள். வாக்கியத்திலும் சந்தேகம் வந்தால் ஒரு சோதனை உண்டு. அந்த இடத்தில் சொல்லுக்கு முன்னால் 'த' சேர்த்தால் பொருந்துகிறதா, 'வில்' சேர்த்தால் பொருந்துகிறதா? 'த' பொருந்தினால் நவுன், 'வில்' பொருந்தினால் வெர்ப்.

சில இடங்களில் ஆங்கிலமே கொஞ்சம் அடையாளம் வைத்திருக்கிறது. பட்டாசுத் தொழிலில் லைசென்ஸ் இல்லாமல் ஓரடி நகர முடியாது. நாம் பின்பற்றும் பிரிட்டிஷ் முறையில் அந்தச் சொல் நவுனாக இருக்கும்போது கடைசியில் சி எழுத்து, வெர்பாக இருக்கும்போது எஸ் எழுத்து. உரிமம் வாங்கிய ஆலை என்பதற்குரிய 'லைசென்ஸ்டு' வெர்பிலிருந்து பிறந்தது, ஆகவே எஸ். 'பிராக்டிஸ்' என்ற சொல்லுக்கும் இதே கணக்கு. அமெரிக்கர்கள் லைசென்ஸை இரண்டு வேலைக்கும் எஸ் போட்டே எழுதுவார்கள். கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போட்டால் அது அமெரிக்க அகராதியில் ஓடுகிறது என்று அர்த்தம், பயப்பட வேண்டாம். 'பெர்மிட்', 'எக்ஸ்போர்ட்', 'ரெக்கார்டு' மூன்றிலும் எழுத்து ஒன்றுதான், அழுத்தம்தான் மாறும். நவுன் என்றால் முதல் அசையில் அழுத்தம், வெர்ப் என்றால் இரண்டாவதில்.

இன்னொரு வசதி, ஒரு நவுன் இன்னொரு நவுனுக்கு முன்னால் உட்கார்ந்து அட்ஜெக்டிவ் வேலை பார்ப்பது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை நமக்குத் தெரியும். அந்தத் தொழிலின் லேபிள்களில் அன்றிலிருந்து இருப்பது 'சேஃப்டி மேட்சஸ்'. 'சேஃப்டி' நவுன், 'மேட்சஸ்' நவுன். 'சேஃப் மேட்சஸ்' என்று ஏன் போடவில்லை? 'சேஃப்' என்றால் ஆபத்தில்லாத குச்சி என்றாகிவிடும். எந்தக் குச்சியும் அப்படி இல்லை. உரசும் பாஸ்பரஸைக் குச்சியில் வைக்காமல் பெட்டியின் பக்கத்தில் தடவி வைத்த வகைக்கு 'சேஃப்டி' என்பது பெயர். 'எக்ஸ்ப்ளோசிவ்ஸ் ஆக்ட்', 'ஃபயர்வொர்க்ஸ் ஃபேக்டரி' எல்லாம் இதே கட்டுமானம்தான்.

பண்ணு, ஆ, ஆன

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியை இரண்டு முறை படிப்பதென்றால் இதைப் படியுங்கள். நம் ஆங்கிலத் தவறுகளில் பாதி இங்கிருந்துதான் வருகிறது.

'அண்ணாச்சி, லேபிள் பிரிண்ட் ஆயிருச்சு, செக் பண்ணிட்டு லோடு பண்ணிரட்டுமா?' இந்த வாக்கியத்தில் லேபிளைத் தவிர மூன்று ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன. ஒன்றுகூட வினையாக வேலை செய்யவில்லை. காலம், இடம், மரியாதை எல்லாவற்றையும் 'ஆயிருச்சு', 'பண்ணிட்டு', 'பண்ணிரட்டுமா' சுமக்கின்றன. ஆங்கிலச் சொல் உறைந்துபோன பெயராகச் சும்மா நிற்கிறது. இதே பழக்கத்தில் ஆங்கிலம் எழுதும்போது 'பண்ணு'வுக்குப் பதில் 'டூ' வந்துவிடுகிறது: 'வி டிட் த செக்கிங்', 'வி ஆர் டூயிங் த பேக்கிங்'. இலக்கணப்படி தவறு என்று சொல்ல முடியாது, ஆனால் நொண்டுகிறது. 'பண்ணு'வை உதறிவிட்டுக் காலத்தை அந்தச் சொல்லின் மேலேயே ஏற்றுங்கள். 'வி செக்டு', 'வி ஆர் பேக்கிங்'. 'ஆயிருச்சு' என்பதற்கு 'ஹேவ் பீன்' போட்டு 'த லேபிள்ஸ் ஹேவ் பீன் பிரிண்டட்' என்றால் முடிந்தது.

'ஆ', 'ஆன' இரண்டும் இதைவிட ஏமாற்றுபவை. தமிழில் பெயரோடு 'ஆக' சேர்த்தால் வினையடை, 'ஆன' சேர்த்தால் பெயரடை. அழகு, அழகாக, அழகான. இந்த வசதியை ஆங்கில நவுன்களுக்கும் கொடுத்துவிட்டோம். 'சேஃப்டியா வேலை பாரு', 'டேஞ்சரான ரூம்', 'ரொம்ப டென்ஷனா இருக்கு'. தமிழில் இவை ஒழுங்கான வாக்கியங்கள். ஆங்கிலத்துக்குப் போகும்போது 'ஆ'வும் 'ஆன'வும் உதிர்ந்துவிடும், மொட்டையாக நவுன் நிற்கும்: 'பி சேஃப்டி', 'இட் இஸ் வெரி டேஞ்சர்', 'ஐ ஆம் வெரி டென்ஷன்'. மூன்றும் தவறு. 'வெரி' வந்தால் அடுத்து வருவது அட்ஜெக்டிவாகவோ அட்வெர்பாகவோ இருக்க வேண்டும், நவுன் உட்காரவே கூடாது. 'இட் இஸ் வெரி டேஞ்சரஸ்', 'ஐ ஆம் டென்ஸ்' என்பவை சரி. 'சேஃப்டி' என்ற குடும்பத்தை முழுதாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'சேஃப்டி' நவுன், 'சேஃப்' அட்ஜெக்டிவ், 'சேஃப்லி' அட்வெர்ப். 'ஒர்க் சேஃப்லி', 'கீப் த ஷெட் சேஃப்', 'சேஃப்டி இஸ் அவர் டியூட்டி'. தமிழில் ஒரு சொல்லோடு 'ஆக', 'ஆன' சேர்த்து மூன்று உருவம் ஆக்கிவிடுவோம். ஆங்கிலத்தில் அந்த மூன்று உருவமும் தனித்தனியாகத் தெரிந்திருக்க வேண்டும். புதிதாக ஒரு சொல் கற்றால் அதன் குடும்பத்தோடு கற்பது ஒன்றே வழி.

'இங்' என்று முடிந்தால்

பட்டாசு ஆலைக்குள் நடந்தால் 'இங்' சத்தம்தான். மிக்சிங் ஷெட், ஃபில்லிங் ஷெட், டிரையிங் பிளாட்ஃபார்ம். தமிழ் இலக்கணத்தில் தொழிற்பெயர் வேறு, பெயரெச்சம் வேறு. 'கலத்தல்' தொழிற்பெயர், 'கலக்கிற' பெயரெச்சம். ஆங்கிலம் இரண்டுக்கும் 'இங்' ஒன்றையே வைத்து ஒப்பேற்றுகிறது. எப்படிப் பிரிப்பது? தமிழில் சொல்லிப் பாருங்கள். 'பர்னிங் சல்ஃபர்' என்றால் எரிகிற கந்தகம். கந்தகமே எரிகிறது, எனவே பெயரெச்சம், அட்ஜெக்டிவ் வேலை. 'டிரையிங் பிளாட்ஃபார்ம்' என்றால் உலர்கிற மேடையா? இல்லை, உலர்த்துவதற்கான மேடை. அங்கே 'டிரையிங்' தொழிற்பெயர், நவுன் வேலை. ப்ரிபொசிஷனை ஒட்டி அடுத்தாற்போல் வரும் 'இங்' சொல் பெரும்பாலும் நவுன் வேலைதான். 'பிஃபோர் பேக்கிங்', 'ஆஃப்டர் மிக்சிங்'.

'எட்' என்று முடியும் உருவமும் பெயரெச்சம் ஆகும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்டபோது தீர்ப்பில் அதற்கு வைத்த பெயர் 'ஜாயின்டு ஃபயர்கிராக்கர்ஸ்'. கோக்கப்பட்ட வெடிகள் என்ற பொருளில் 'ஜாயின்' என்ற வெர்பிலிருந்து வந்த அட்ஜெக்டிவ் அது. 'ஜாயின்ட் கிராக்கர்ஸ்' என்று எழுதினால் வேறு சொல்லாகிவிடும். 'ஜாயின்ட்' என்பது வங்கியில் கணவன் மனைவி சேர்ந்து வைக்கும் கணக்குக்கு உரியது. கடைசி ஒலி ஒன்றுதான் வித்தியாசம்.

அதே தீர்ப்பு பேரியம் உப்புகளையும் தடுத்தது, பசுமைப் பட்டாசைக் கொண்டுவந்தது. மத்தாப்பில் பச்சை நிறம் தருவது பேரியம். ஆக, பச்சையாக எரியும் பட்டாசை விலக்கிவிட்டு வந்ததற்கு 'கிரீன் கிராக்கர்' என்று பெயர். சரக்குப் பட்டியலில் 'கிரீன்' என்ற அட்ஜெக்டிவை நிறத்துக்கும் வகைக்கும் சேர்த்துப் பயன்படுத்துபவர்கள், நிறத்தைச் சொல்லும் இடத்தில் 'கிரீன் கலர்டு' என்று எழுதிவிடுவது வியாபாரத்துக்கு நல்லது.

'இங்', 'எட்' இரண்டையும் மாற்றிப் போட்டால் பொருள் தலைகீழாகும். 'ஐ ஆம் கன்ஃப்யூஸ்டு' என்றால் நான் குழம்பியிருக்கிறேன். 'ஐ ஆம் கன்ஃப்யூசிங்' என்றால் நான் மற்றவர்களைக் குழப்புகிறேன்.

'இல்' என்ற ஓர் உருபுக்கு மூன்று

பெட்டியில் வெடி இருக்கிறது. பெட்டியில் லேபிள் இருக்கிறது. கேட்டில் வாட்ச்மேன் இருக்கிறார். தமிழுக்கு மூன்றும் 'இல்'. ஆங்கிலத்துக்கு 'இன் த பாக்ஸ்', 'ஆன் த பாக்ஸ்', 'அட் த கேட்'. உள்ளே என்றால் 'இன்', மேலே ஒட்டியிருந்தால் 'ஆன்', ஒரு புள்ளியாக நினைத்தால் 'அட்'. பொருளுக்குப் பின்னால் ஒட்டும் நம் உருபு, ஆங்கிலத்தில் முன்னால் தனிச் சொல்லாக வந்து நிற்கிறது. அதனால்தான் அதற்கு ப்ரிபொசிஷன் என்று பெயர். ஆனால் ஒவ்வொரு தமிழ் உருபுக்கும் ஆங்கிலத்தில் ஒரு ப்ரிபொசிஷன் தேட வேண்டாம். 'ரேட்டைப் பற்றி டிஸ்கஸ் பண்ணினோம்' என்பதை 'டிஸ்கஸ்டு அபவுட் த ரேட்' என்று எழுதுகிறார்கள். 'டிஸ்கஸ்'க்குள்ளேயே 'பற்றி' இருக்கிறது. 'வி டிஸ்கஸ்டு த ரேட்' போதும்.

சட்டத்தின் ஒரு வாக்கியம்

இதுவரை படித்ததை நம் தொழிலைக் கட்டிப்போட்ட ஒரு வாக்கியத்தில் சோதிப்போம். சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் கீழ் 1999இல் வந்த பட்டாசு ஒலி வரம்பு. உச்ச ஒலிக்கான இன்னோர் அளவை மட்டும் விட்டுவிட்டுப் பார்த்தால் வாக்கியம் இப்படி ஓடும்: 'த மானுஃபாக்சர், சேல் ஆர் யூஸ் ஆஃப் ஃபயர்கிராக்கர்ஸ் ஜெனரேட்டிங் நாய்ஸ் லெவல் எக்சீடிங் 125 டெசிபல் அட் 4 மீட்டர்ஸ் டிஸ்டன்ஸ் ஃப்ரம் த பாயின்ட் ஆஃப் பர்ஸ்டிங் ஷல் பி புரொஹிபிட்டட்.'

வெர்பைத் தேடுங்கள். 'மானுஃபாக்சர்' வெர்ப் மாதிரித் தெரியும். முன்னால் 'த' இருப்பதால் நவுன். அதே 'த'வின் கீழ் வரிசையாக நிற்கும் 'சேல்', 'யூஸ்' இரண்டும் நவுன். வெர்பாக இருந்தால் 'செல்' என்றல்லவா வந்திருக்கும்? 'யூஸ்' நவுனாகும்போது கடைசி ஒலி 'பஸ்' என்பதில் உள்ளது போல இருக்கும், வெர்பாகும்போது 'இஸ்' என்பதில் உள்ளது போல அதிரும். 'ஜெனரேட்டிங்', 'எக்சீடிங்' இரண்டும் முந்தைய நவுனை ஒட்டிய பெயரெச்சங்கள்: ஒலி உண்டாக்குகிற பட்டாசு, 125 டெசிபலைத் தாண்டுகிற ஒலி. தமிழில் நவுனுக்கு முன்னால் வருவது இங்கே பின்னால் வந்திருக்கிறது, அவ்வளவுதான். 'பர்ஸ்டிங்' என்பது 'ஆஃப்'க்கு அடுத்து வந்ததால் தொழிற்பெயர். அட், ஃப்ரம், ஆஃப் மூன்றும் ப்ரிபொசிஷன். 'ஆர்' கன்ஜங்ஷன். உண்மையான வெர்ப் கடைசியில்தான் இருக்கிறது: 'ஷல் பி புரொஹிபிட்டட்'. உருவாக்கல், விற்றல், பயன்படுத்தல் தடுக்கப்படும். இந்த எலும்புக்கூடு கிடைத்துவிட்டால் மற்ற சொற்கள் எல்லாம் எந்தப் பட்டாசு, எவ்வளவு ஒலி, எவ்வளவு தூரம் என்று சொல்ல வந்தவை. அரசாணை, டெண்டர், இன்ஷூரன்ஸ் பாலிசி எதுவானாலும் இப்படித்தான் உடைக்க வேண்டும்.

மிச்சம் மீதி

அட்வெர்ப் என்றால் 'லி' என்று முடியும் என்பார்கள், முழுதாக நம்பாதீர்கள். 'ஃபாஸ்ட்' அட்வெர்ப்தான், 'லி' கிடையாது. 'ஃப்ரெண்ட்லி'யில் 'லி' உண்டு, ஆனால் அட்ஜெக்டிவ். ஆடிப்பெருக்கை ஒட்டி ஆல்பம் வெளியிடும் நம் காலண்டர்காரர்கள் விற்கும் 'டெய்லி காலண்டர்', 'மன்த்லி காலண்டர்' இரண்டிலும் 'லி' சொல் அட்ஜெக்டிவ். 'வி பிரிண்ட் டெய்லி' என்றால் அதுவே அட்வெர்ப்.

ப்ரோநவுனில் ஒன்றே ஒன்று: இன்டர்வியூவில் 'மைசெல்ஃப்' என்று பெயர் சொல்லாதீர்கள். அது வாக்கியத்தின் எழுவாயாக வராது. 'ஐ ஆம்' என்று தொடங்குங்கள். தமிழில் 'அனுப்பிட்டேன்' என்றால் அனுப்பியவர் யாரென்று விகுதியே சொல்லிவிடும். ஆங்கில வெர்பில் அந்த வசதி இல்லை, 'ஐ' அல்லது 'வி' வந்தே ஆக வேண்டும்.

கன்ஜங்ஷனை ஒரு வாக்கியத்தில் இரட்டையாகப் போடாதீர்கள். 'மழை பெய்தாலும், ஆனால் லோடு ஏற்றினோம்' என்று தமிழில் சொல்வீர்களா? 'ஆல்தோ' போட்டால் 'பட்' வேண்டாம். 'பட்' போட்டால் 'ஆல்தோ' வேண்டாம். இன்டர்ஜெக்ஷனுக்கு வியாபார மெயிலில் வேலையே இல்லை.

பயிற்சிக்கு இரண்டு வாக்கியங்கள். 'கீப் த பாக்ஸ் இன் எ டிரை பிளேஸ்.' 'டிரை த லேபிள்ஸ் பிஃபோர் பேக்கிங்.' முதலாவதில் 'டிரை' அட்ஜெக்டிவ், இரண்டாவதில் வெர்ப். காரணத்தைச் சொற்களின் இடத்தைக் காட்டி நீங்களே எழுதுங்கள். பிறகு 'பிஃபோர் பேக்கிங்' என்பதை 'பிஃபோர் யூ பேக் தெம்' என்று மாற்றுங்கள். 'பிஃபோர்' முதலில் ப்ரிபொசிஷன், மாற்றியபின் கன்ஜங்ஷன். பின்னால் நவுன் வந்தால் ஒன்று, எழுவாயும் வெர்புமாக முழு வாக்கியம் வந்தால் மற்றொன்று. இது பிடிபட்டதும் வீட்டில் கிடக்கும் ஒரு பட்டாசுப் பெட்டியை எடுத்து அதன் எச்சரிக்கை வரிகளில் வெர்புகளை மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள். வெர்பை வட்டமிடாமல் வேறு எந்தச் சொல்லையும் தொடாதீர்கள்.